மூடி வைத்த பேனா

ஒன்பதாம் வகுப்புக் கணக்குத் தேர்வு அது. ஒன்றரை மணி நேரம். மூன்றாவது பெஞ்சின் ஓரத்தில் இருந்த பையன் விடைத்தாளில் பெயரை எழுதினான், வரிசை எண்ணை எழுதினான், பேனாவை மூடி வைத்தான். அதன் பிறகு ஒரு எழுத்துகூட எழுதவில்லை. தூங்கவும் இல்லை, பக்கத்தில் எட்டிப் பார்க்கவும் இல்லை. நான் ஒவ்வொரு சுற்று வரும்போதும் அவன் கண் முதல் கேள்வியிலேயே நின்றிருந்தது. இரண்டு முறை பேனா மூடியைக் கழற்றினான். இரண்டு முறையும் திரும்ப மாட்டிவிட்டான். மணி அடித்ததும் அந்த வெறுந்தாளை ஓரத்தோடு ஓரம் பொருந்த மடித்து, விடைத்தாள் கட்டின் நடுவில் செருகிவிட்டுப் போனான். மேலே வைத்தால் எல்லோர் கண்ணிலும் படும் என்று நடுவில்.

ஸ்டாஃப் ரூமில் நான் சொன்னது இன்றும் என் காதில் இருக்கிறது. "நல்லாப் படிக்கிற பையன்தான். இப்போ கொழுப்பு ஏறிப்போச்சு." மறுநாள் அவனை எழுப்பி நிற்க வைத்து, அந்தத் தாளை வகுப்புக்கே தூக்கிக் காட்டினேன். இரண்டு மூன்று பேர் சிரித்தார்கள். அவன் தலைகூடக் குனியவில்லை, நேராகவே நின்றான். அதையும் திமிர் என்றுதான் எடுத்துக்கொண்டேன். அடுத்த ஆறு நாள் அவன் பள்ளிக்கு வரவில்லை.

அந்த வருடம் முடிவதற்குள் அவன் அம்மா என்னைப் பார்க்க வந்தார். டாக்டரிடம் போயிருக்கிறார்கள், டிப்ரஷன் என்று சொல்லியிருக்கிறார். அந்தத் தேர்வுக்கு இரண்டு மாதம் முன்பிருந்தே பையன் ராத்திரி மூன்று மணி வரை கண் மூடாமல் கிடந்திருக்கிறான். காலையில் அவனை எழுப்பிக் குளிக்க அனுப்புவதற்குள் வீடே ஒரு போர்க்களமாகிவிடுமாம். சிகிச்சை தொடங்கி ஓரளவு தேறிய பிறகு, ஒருநாள் வகுப்பு முடிந்து எல்லோரும் போனதும் அவனாகவே அந்தத் தேர்வைப் பற்றிச் சொன்னான். "கேள்வி புரிஞ்சுது டீச்சர். முதல் ஸ்டெப் என்னன்னும் தெரிஞ்சுது. ஆரம்பிக்கத்தான் முடியல."

அந்த ஒரு வரிக்காகத்தான் இதை எழுதுகிறேன். பாடம் தெரியாத பிள்ளை, தெரிந்தும் செய்யாத பிள்ளை என்று எங்களுக்கு இரண்டு வகைதான் தெரியும். முதல் வகைக்குத் திரும்பச் சொல்லிக் கொடுப்போம், இரண்டாவது வகைக்குத் திட்டு. தெரிந்தும், செய்ய விரும்பியும், ஆரம்பிக்க முடியாத பிள்ளை என்று மூன்றாவதாக ஒன்று உண்டு என்பதை எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை. அந்தப் பையன்தான் சொல்லிக் கொடுத்தான். அதற்கு அவன் கொடுத்த விலை அதிகம்.

தமிழில் ஒரு சொல் குழப்பம் இருக்கிறது. ஸ்ட்ரெஸ்ஸுக்கும் டிப்ரஷனுக்கும் சேர்த்தே பலரும் 'மன அழுத்தம்' என்று சொல்லிவிடுகிறோம். தேர்வு நெருங்கும்போது வருவது அழுத்தம், தேர்வு முடிந்தால் பெரும்பாலும் அதுவும் இறங்கிவிடும். நான் பேசுவது மனச்சோர்வு. தேர்வு முடிந்தாலும் விடுமுறை வந்தாலும் நல்ல மார்க் வந்தாலும் அது பாட்டுக்கு உட்கார்ந்திருக்கும். இந்த இரண்டையும் ஒரே பெயரால் அழைப்பதால்தான் "எல்லாப் பிள்ளைக்கும் இருக்கிற டென்ஷன்தானே" என்று சுலபமாகக் கடந்துபோக முடிகிறது.

மருத்துவர்கள் இதைத் தோராயமாகக் கணிப்பதில்லை. அமெரிக்க மனநல மருத்துவச் சங்கத்தின் கையேட்டில் ஒன்பது அறிகுறிகள் இருக்கின்றன. சோர்ந்த மனநிலை, எதிலும் நாட்டமில்லாமை, பசியிலோ எடையிலோ மாற்றம், தூக்கக் கோளாறு, உடல் அசைவு மந்தமாவது அல்லது நிலைகொள்ளாமல் தவிப்பது, அசதி, தன்னைப் பற்றிய தாழ்வும் குற்ற உணர்வும், கவனம் செலுத்தவோ முடிவெடுக்கவோ முடியாமை, சாவைப் பற்றிய எண்ணம். இவற்றில் குறைந்தது ஐந்து, ஏறக்குறைய தினமும், இரண்டு வாரமாவது இருக்க வேண்டும். அந்த ஐந்தில் முதல் இரண்டில் ஒன்று கட்டாயம் இருக்க வேண்டும். சரி, இது டாக்டரின் வேலை. ஆனால் ஆசிரியராக அந்தப் பட்டியலைப் படித்தபோது எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. கவனமின்மை, முடிவெடுக்க முடியாமை, மந்தம், அசதி. இவை எல்லாவற்றையும் நான் வருடக்கணக்காக ரேங்க் கார்டில் 'அக்கறை போதாது' என்று எழுதிவந்திருக்கிறேன்.

அதே கையேட்டில் இன்னொரு குறிப்பும் உண்டு. பெரியவர்களுக்குச் சோகம் என்றால், சிறுவர்களிடமும் வளரிளம் பருவத்தினரிடமும் அந்த இடத்தில் எரிச்சல் இருந்தாலும் போதும். இதை ஒவ்வொரு ஸ்டாஃப் ரூமிலும் எழுதி ஒட்ட வேண்டும் என்று எனக்குத் தோன்றும். ஏனென்றால் அழுகிற பிள்ளையை நாங்கள் கூப்பிட்டு விசாரிப்போம், எரிந்து விழுகிற பிள்ளையை வெளியே நிறுத்துவோம். என் வகுப்பில் ஒருவன், பக்கத்தில் இருந்தவன் ஸ்கேல் கேட்டதற்கு அதை இரண்டாக உடைத்துக் கையில் கொடுத்தான். போன வருடம் அவன்தான் எல்லோருக்கும் ஸ்கேல் கொடுக்கிறவன். முந்தைய வருடத்தோடு ஒப்பிட்டுப் பார்த்தால்தான் அந்தக் கோபம் வேறு மாதிரித் தெரியும். எப்போதும் அமைதியாக இருக்கிற பிள்ளை அமைதியாக இருப்பதில் கவலைப்பட ஒன்றும் இல்லை. கலகலப்பாக இருந்தவள் அடங்கிப்போனால், பொறுமைசாலி கடுகடுத்தால், மாலை முழுவதும் மைதானத்தில் கிடந்தவன் மணி அடித்ததும் நேராக வீட்டுக்குப் போக ஆரம்பித்தால், அங்கேதான் நின்று பார்க்க வேண்டும்.

இன்னொருத்தியையும் சொல்ல வேண்டும், ஏனென்றால் அவளை நான் கிட்டத்தட்டத் தவறவிட்டேன். முதல் மார்க், அழகான கையெழுத்து, ஒரு தொந்தரவும் கிடையாது. நோட்டைத் திருத்தும்போது ஒருநாள் ஒரு பக்கத்தில் என் விரல் சொரசொரவென்று எதிலோ பட்டது. வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். ஒரே வரியை அழித்து அழித்து எழுதியதில் தாள் மெலிந்து, ஓர் இடத்தில் ஓட்டையே விழுந்திருந்தது. ஓட்டைக்குக் கீழே அதே விடை இன்னொரு முறை, குண்டு குண்டான எழுத்தில். விடை முதலிலேயே சரியாகத்தான் இருந்திருக்கிறது, அழித்த தடத்தில் அது தெரிந்தது. பருவமடைந்த பிறகு மனச்சோர்வு பெண் பிள்ளைகளிடம் ஆண் பிள்ளைகளைவிட ஏறக்குறைய இரண்டு மடங்கு காணப்படுகிறது. அவர்களில் பலர் யாருக்கும் தொந்தரவு தருவதில்லை. நாற்பது பேர் இருக்கிற வகுப்பில், தொந்தரவு தராத பிள்ளையைப் பார்க்க யாருக்கும் நேரமும் இருப்பதில்லை.

10 முதல் 19 வயது வரை உள்ளவர்களில் ஏழில் ஒருவருக்கு ஏதாவது ஒரு மனநலச் சிக்கல் இருப்பதாக உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. எல்லாமே மனச்சோர்வு கிடையாது, ஆனால் அதுவும் அதில் முக்கியமான ஒன்று. 2005-ல் அமெரிக்காவில் வெளியான ஒரு பெரிய ஆய்வின்படி, வாழ்நாளில் வரும் மனநலச் சிக்கல்களில் பாதி 14 வயதுக்குள்ளேயே தொடங்கிவிடுகின்றன. 14 வயது என்றால் ஒன்பதாம் வகுப்பு. அதாவது அது தொடங்குகிற வருடத்தில், பகலில் விழித்திருக்கிற நேரத்தில் பெரும்பகுதி அந்தப் பிள்ளை எங்கள் கண் முன்னால்தான் உட்கார்ந்திருக்கிறது.

அப்புறம் ஆசிரியர் என்ன செய்ய முடியும்? நான் பல வருடம் தப்பான இடத்தில் தேடிக்கொண்டிருந்தேன். தைரியம் சொல்ல வேண்டும், மனசு விட்டுப் பேச வைக்க வேண்டும், சிரிக்க வைக்க வேண்டும் என்று நினைத்தேன். இவை கெட்டவை இல்லைதான். ஆனால் பள்ளியில் மனச்சோர்வு ஒரு பிள்ளையை வீழ்த்துவது பாக்கி வழியாக என்பது பிறகுதான் புரிந்தது. இரண்டு நாள் வர முடியவில்லை. ஆறு பாடத்தில் நோட்டு எழுத வேண்டும். அதை நினைத்தாலே மலைப்பாக இருக்கிறது, அதனால் மூன்றாவது நாளும் வரவில்லை. இப்போது ஒரு டெஸ்ட் போய்விட்டது. ஒரு வாரம் கழித்து வந்தால் "எங்கே போயிட்டே?" என்று எட்டு பேர் கேட்பார்கள் என்ற பயம் வேறு சேர்ந்துகொள்கிறது. நோய் கொஞ்சம் இறங்கியிருந்தாலும் பாக்கி ஏறிக்கொண்டே போகிறது. கடைசியில் பிள்ளையை வீட்டிலேயே நிறுத்தி வைப்பது நோயா பாக்கியா என்று பிரித்துச் சொல்ல முடியாத நிலை வந்துவிடுகிறது. நோய்க்கு நான் வைத்தியம் பார்க்க முடியாது. பாக்கி என் கையில் இருக்கிறது. ரத்து செய்ய முடியும், தள்ளிப்போட முடியும், சின்னச் சின்னத் துண்டாக்க முடியும்.

பதினோரு நாள் கழித்து ஒருத்தி வகுப்புக்கு வந்தாள். பாடம் நடந்துகொண்டிருந்தது. கதவருகே நின்று, பையின் பட்டையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, "எக்ஸ்க்யூஸ் மீ டீச்சர்" என்றது எனக்கே சரியாகக் கேட்கவில்லை. முதல் பெஞ்சில் இருந்து கடைசி பெஞ்ச் வரை எல்லாத் தலையும் திரும்பியது. நான் சந்தோஷத்தில், உண்மையாகவே சந்தோஷத்தில், சத்தமாக, "அடடே வந்துட்டியா! எங்கம்மா போயிட்டே இத்தனை நாளா?" என்றேன். அவள் முகம் வெளுத்துப்போனது. உள்ளே வந்து உட்கார்ந்தாள். மதிய இடைவேளைக்குப் பிறகு அவள் இடம் காலியாக இருந்தது, தலைவலி என்று வீட்டுக்குப் போய்விட்டாளாம்.

இப்போது நான் அப்படிச் செய்வதில்லை. யாராவது நாள் கணக்காக வராமல் இருந்து திரும்புகிறார்கள் என்றால், முடிந்தால் முந்தின நாளே வீட்டுக்கு போன் செய்து, மணி அடிப்பதற்கு முன்பே, வகுப்பு நிறைவதற்கு முன்பே வரச் சொல்கிறேன். கதவருகே நிற்க வேண்டிய அவசியமே இருக்கக்கூடாது. பக்கத்தில் உட்காருகிற பிள்ளையிடம், "அவ வருவா, என்ன ஏதுன்னு கேக்காதே, எந்தப் பக்கம் நடக்குதுன்னு மட்டும் காட்டு" என்று சொல்லி வைக்கிறேன். பிள்ளைகள் இதை அருமையாகச் செய்வார்கள், நாம் சொன்னால் போதும். பிறகு பாக்கி. விட்டுப்போன பாடம் முழுவதையும் எழுதச் சொல்வதில்லை. ஒரே ஒரு தாள், அதில் மூன்று கணக்கு. விட்டுப்போனதில் எதுவெல்லாம் தெரியாவிட்டால் இனி நடத்துவது புரியாதோ அவை மட்டும். முதல் கணக்கில் முதல் ஸ்டெப்பை நானே எழுதிவிடுகிறேன். மிச்சத்தை வாங்கிக்கொண்டதாகவே வைத்துக்கொள்கிறேன். "அதெல்லாம் முடிஞ்சுது, மறந்துடு" என்று வாய்விட்டுச் சொல்லவும் வேண்டும். சொல்லாவிட்டால் அந்தப் பிள்ளை மனசுக்குள் அந்தப் பாக்கியைச் சுமந்துகொண்டே திரியும்.

முதல் ஸ்டெப்பை நான் எழுதுவது சலுகைக்காக இல்லை. மார்ட்டின் செலிக்மனும் ஸ்டீவன் மேயரும் 1967-ல் வெளியிட்ட ஆய்வு மனோதத்துவம் படித்தவர்களுக்குத் தெரிந்திருக்கும். தப்பிக்கவே முடியாத மின் அதிர்ச்சியைத் திரும்பத் திரும்ப அனுபவித்த நாய்கள், பிறகு தப்பிக்க வழி இருந்தபோதும் முயற்சி செய்யாமல் படுத்தே கிடந்தன. கையாலாகாத்தனத்தை அவை கற்றுக்கொண்டன என்று அப்போது விளக்கினார்கள். ஏறக்குறைய 50 வருடம் கழித்து, 2016-ல், அதே இருவரும் மூளை ஆய்வுகளின் அடிப்படையில் தங்கள் விளக்கத்தையே திருப்பிப் போட்டார்கள். நீண்ட துன்பத்துக்கு எதிரே செயலற்றுப் போவது இயல்பான எதிர்வினை, அதை யாரும் கற்றுக்கொள்ளத் தேவையில்லை. கற்றுக்கொள்ள வேண்டியது 'என்னால் இதை மாற்ற முடிகிறது' என்பதைத்தான் என்றார்கள். ஒரு விஞ்ஞானி தன் பேர்போன கருத்தைத் தானே திருத்துவது எனக்குப் பெரிய விஷயமாகப் பட்டது. அதைவிட, அந்தத் திருத்தம் என் வேலையை எனக்குக் காட்டியது. 'உன்னால் முடியும்' என்று நான் நூறு முறை சொன்னாலும் அது காற்றில் போகிற பேச்சு. மூன்று கணக்கில் ஒன்றை அந்தக் கை போட்டு முடிப்பதில்தான் அது படிகிறது. மனச்சோர்வுக்கான உளவியல் சிகிச்சைகளில் செயல் வழிச் சிகிச்சை என்று ஒன்று இருக்கிறது. மனசு சரியானதும் செய்யலாம் என்று காத்திராமல், செய்யக்கூடிய அளவில் ஒன்றைச் செய்யவைத்து, மனசைப் பின்னால் வரவிடுவது. தாளில் இருக்கிற மூன்று கணக்கு சிகிச்சை ஆகாது, எனக்கு அந்தத் தகுதியும் இல்லை. ஆனால் திசை ஒன்றுதான்.

"அப்போ மத்த பிள்ளைங்க கேட்டா என்ன சொல்வீங்க?" இது சக ஆசிரியர்கள் தவறாமல் கேட்கிற கேள்வி, நியாயமான கேள்வியும்கூட. கால் எலும்பு முறிந்த பிள்ளையை மாடி ஏறச் சொல்கிறோமா என்பது என் பதில். பெரும்பாலும் மற்ற பிள்ளைகள் கேட்பதே இல்லை என்பது என் அனுபவம். கேட்பவர்களிடம், "அவங்க உடம்பு சரியில்லாம இருந்து வந்திருக்காங்க. உனக்கு அப்படி ஆனா உனக்கும் இதேதான்" என்கிறேன். இதில் எனக்கு ஒரு பிடிவாதம் உண்டு. அளவைக் குறைப்பேன், நேரத்தை நீட்டுவேன், தரத்தைக் குறைக்க மாட்டேன். பத்துக் கணக்குக்குப் பதில் மூன்று, ஆனால் அந்த மூன்றும் ஒன்பதாம் வகுப்புக் கணக்காகவே இருக்கும். பாவம் என்று ஆறாம் வகுப்புக் கணக்கைக் கொடுத்தால் அந்தப் பிள்ளைக்கு உடனே தெரிந்துவிடும். ஏற்கெனவே 'நான் எதற்கும் லாயக்கில்லை' என்று உள்ளே ஓடிக்கொண்டிருப்பதற்கு நாமே கையெழுத்துப் போட்டுக் கொடுத்தது போல ஆகிவிடும். எதுவுமே செய்ய வேண்டாம், சும்மா உட்கார் என்று விட்டுவிடுவதும் அப்படித்தான். அன்பாகச் சொன்னாலும் அதில் கேட்கிற செய்தி 'உன்னிடம் எனக்கு எதிர்பார்ப்பு இல்லை' என்பதுதான்.

முதல் பீரியடில் டெஸ்ட் வைப்பதையும் விட்டுவிட்டேன். வளரிளம் பருவத்தில் உடலின் உள் கடிகாரமே பின்னுக்கு நகர்கிறது, தூக்கம் தாமதமாக வருகிறது. அந்த வயதில் எட்டு முதல் பத்து மணி நேரத் தூக்கம் தேவை. அமெரிக்கக் குழந்தை மருத்துவர்கள் அமைப்பு 2014-ல், நடுநிலை, உயர்நிலைப் பள்ளிகள் காலை 8:30-க்கு முன் தொடங்க வேண்டாம் என்றே பரிந்துரைத்தது. மனச்சோர்வோடு தூக்கமின்மையும் சேர்ந்த பிள்ளைக்குக் காலை நேரம் மிக மோசம். பள்ளி நேரத்தை நான் மாற்ற முடியாது, டெஸ்ட் நேரத்தை மாற்றலாம்.

பேச்சு வார்த்தை பற்றியும் கொஞ்சம் சொல்ல வேண்டும். "என்ன ஆச்சு உனக்கு?" என்று கேட்டால் "ஒண்ணுமில்ல டீச்சர்" என்றுதான் வரும். மறைக்கிறார்கள் என்று நினைப்பேன். மனச்சோர்வு உள்ளவர்களுக்குக் குறிப்பிட்ட நிகழ்ச்சிகளை எடுத்து நினைவுகூர்வது கடினம் என்று மார்க் வில்லியம்ஸ் என்ற ஆய்வாளர் 1980-களிலேயே காட்டியிருக்கிறார். 'எப்பவும் இப்படித்தான்', 'எல்லாமே மோசம்' என்று மொத்தமாகத்தான் நினைவு வரும். அதனால் பெரிய கேள்வி கேட்டால் பதிலே கிடைக்காது, சின்னக் கேள்வி கேட்டால் கிடைக்கும். "நேத்து ராத்திரி எத்தனை மணிக்குத் தூங்கினே?" "இன்னைக்கு எந்த பீரியட் ரொம்பக் கஷ்டமா இருந்துது?" எதிரே உட்கார வைத்துக் கண்ணைப் பார்த்துக் கேட்பதைவிட, நோட்டுக் கட்டைத் தூக்கிக்கொண்டு வராந்தாவில் கூட நடக்கும்போது கேட்டால் பேச்சு எளிதாக வருகிறது. பதில் வராவிட்டாலும் பரவாயில்லை. நாளைக்கு நோட்டுக் கட்டு மறுபடி இருக்கும்.

"உனக்கு என்ன குறை? உன்னைவிடக் கஷ்டப்படறவங்க எத்தனை பேர் இருக்காங்க!" இதை மட்டும் தயவுசெய்து சொல்லாதீர்கள். நல்ல மனசோடுதான் சொல்கிறோம். ஆனால் குற்ற உணர்வு இந்த நோயின் அறிகுறிகளில் ஒன்று. ஒன்றும் குறையில்லாமல் இருந்தும் இப்படி இருக்கிறேனே என்று ஏற்கெனவே தன்னையே தின்றுகொண்டிருக்கிற பிள்ளைக்கு அந்த வாக்கியம் இன்னொரு கல்.

அடுத்தது எழுதக் கஷ்டமாக இருக்கிறது, ஆனால் எழுதாமல் விட முடியாது. சில வருடம் முன்பு ஒரு மாணவி, "ஒண்ணு சொல்றேன், யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்னு சத்தியம் பண்ணுங்க டீச்சர்" என்றாள். அவள் நம்பிக்கை போய்விடக்கூடாது என்று சத்தியம் பண்ணிவிட்டேன். வாழவே பிடிக்கவில்லை என்றாள். அன்று ராத்திரி முழுவதும் நான் தூங்கவில்லை. காலையில் சத்தியத்தை மீறினேன். அவள் பல மாதம் என்னிடம் பேசவில்லை. மீறியதில் எனக்கு வருத்தம் இல்லை. சத்தியம் பண்ணியதிலும், ஒரு ராத்திரியைத் தாமதித்ததிலும் இன்றும் வருத்தம் இருக்கிறது. இப்போது யாராவது அப்படிக் கேட்டால் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். "நீ சொல்றதை ஊருக்குச் சொல்ல மாட்டேன். ஆனா உன் உயிருக்கு ஆபத்துன்னு எனக்குத் தோணினா, உதவி பண்ணக்கூடியவங்க ஒருத்தர்கிட்ட சொல்லியே தீருவேன். யார்கிட்ட சொல்றதுன்னு உன்கிட்ட சொல்லிட்டுத்தான் சொல்வேன்." இதைக் கேட்டுவிட்டுப் பேசாமல் போன பிள்ளை என் அனுபவத்தில் யாரும் இல்லை.

நேரடியாகக் கேட்கவும் பயப்படக்கூடாது. கேட்டால் இல்லாத எண்ணத்தை விதைத்தது போல் ஆகிவிடுமோ என்ற பயம் எல்லோருக்கும் உண்டு, எனக்கும் இருந்தது. 2005-ல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில், இரண்டாயிரத்துக்கும் அதிகமான உயர்நிலைப் பள்ளி மாணவர்களிடம் இதைச் சோதித்துப் பார்த்தார்கள். பாதிப் பேரிடம் தற்கொலை எண்ணம் பற்றி முதலிலேயே கேட்டார்கள், மீதிப் பேரிடம் கேட்கவில்லை. கேட்கப்பட்டவர்களுக்குத் துயரமோ அந்த எண்ணமோ கூடவில்லை. மனச்சோர்வு அறிகுறி உள்ளவர்களிலும், முன்பு முயற்சி செய்தவர்களிலும், கேட்கப்பட்டவர்களின் துயரம் கேட்கப்படாதவர்களைவிடக் குறைவாகவே இருந்தது. அதனால் கேளுங்கள், சாதாரணக் குரலில், சுற்றி வளைக்காமல். "செத்துப் போயிடலாம்னு தோணுதா?" ஆமாம் என்றால் அதிராதீர்கள், அறிவுரை சொல்லாதீர்கள், அந்தப் பிள்ளையைத் தனியாக விடாதீர்கள். "சொன்னதுக்கு நன்றி, நீ தனியா இல்ல" என்று சொல்லிவிட்டு, அன்றைக்கே, அந்தப் பிள்ளை வீட்டுக்குக் கிளம்புவதற்கு முன்பே, கவுன்சலரிடமோ தலைமையாசிரியரிடமோ பெற்றோரிடமோ நேரில் கைமாற்றிவிடுங்கள். நாளைக்குப் பார்க்கலாம் என்பது இதில் மட்டும் கிடையாது.

பெற்றோரிடம் பேசுவது தனிக் கலை, நான் இன்னும் கற்றுக்கொண்டிருக்கிறேன். "உங்க பையனுக்கு டிப்ரஷன் மாதிரி இருக்கு" என்று ஆரம்பித்தால் கதவு மூடிக்கொள்ளும். அதைச் சொல்ல எனக்குத் தகுதியும் இல்லை. ஒரு சின்ன நோட்டு வைத்திருக்கிறேன், தேதி போட்டு, பார்த்ததை மட்டும் எழுதுகிறேன். இந்த மூன்று வாரத்தில் ஐந்து நாள் முதல் பீரியடில் தலை சாய்த்தான். கூட்டாளிகளோடு உட்காருவதை இத்தனையாம் தேதியிலிருந்து விட்டுவிட்டான். கட்டுரைப் போட்டிக்குத் தானாகப் பெயர் கொடுத்தவன் இந்த முறை கொடுக்கவில்லை. இதைப் படித்துக் காட்டிவிட்டு, "வீட்ல எப்படி இருக்கான்? நீங்க என்ன பாக்கறீங்க?" என்று கேட்கிறேன். பல அம்மாக்கள் அந்த இடத்தில் அழுதிருக்கிறார்கள். அவர்களும் அதையேதான் பார்த்துக்கொண்டிருந்திருப்பார்கள், யாரிடம் சொல்வது என்று தெரியாமல். அந்த நோட்டின் பக்கங்களைப் படமெடுத்து டாக்டரிடம் காட்டச் சொல்வேன். தேதியோடு இருக்கிற பத்து வரி டாக்டருக்கும் உதவும்.

மாத்திரை கொடுத்தால் பிள்ளை மந்தமாகிவிடுமா என்று கேட்பார்கள். கொடுக்கலாமா வேண்டாமா என்று ஆசிரியர் வாயைத் திறக்கக்கூடாது, அதை டாக்டரிடம் கேளுங்கள் என்பதுதான் என் பதில். நான் தெரிந்து வைத்திருப்பது இவ்வளவு. 2004-ல் வெளியான ஒரு முக்கிய ஆய்வில், 12 முதல் 17 வயது வரையிலான 439 பேரில், மருந்தும் பேச்சு வழிச் சிகிச்சையும் சேர்த்துப் பெற்றவர்களில் 71 சதவீதம் பேர் 12 வாரத்தில் நன்கு முன்னேறினார்கள். மருந்தே இல்லாத வெற்று மாத்திரை பெற்றவர்களில் அது 35 சதவீதம். மருந்து வேலை செய்யச் சில வாரம் ஆகும். இந்த வகை மருந்துகள் இளவயதினர் சிலருக்குத் தற்கொலை எண்ணத்தைக் கூட்டலாம் என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை அதே வருடம் எச்சரித்திருக்கிறது. ஆரம்ப வாரங்களிலும் அளவை மாற்றும்போதும் கூடுதலாகக் கவனிக்க வேண்டும். மருந்து தொடங்கியிருக்கிறார்கள் என்று தெரிந்தால், வகுப்பில் வழக்கத்தை மீறிய பரபரப்போ தவிப்போ தென்பட்டால் அன்றே வீட்டுக்குச் சொல்வேன். மாத்திரையைத் தானாக நிறுத்திவிட்டதாகப் பிள்ளை சொன்னாலும் அப்படியே.

எல்லாவற்றையும் ஆசிரியர் தலையில் ஏற்றுவதை நான் ஏற்கவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். அரை நாள் பயிற்சி கொடுத்துவிட்டு, இனி மாணவர் மனநலம் உங்கள் பொறுப்பு என்று கைகழுவும் நிர்வாகங்களைப் பார்த்திருக்கிறேன். பீகாரின் அரசு உயர்நிலைப் பள்ளிகளில் நடந்த ஓர் ஆய்வு 2018-ல் லான்செட் மருத்துவ இதழில் வந்தது. பள்ளிச் சூழலை மேம்படுத்தும் ஒரே திட்டத்தைச் சில பள்ளிகளில் ஆசிரியர்களிடமும், சில பள்ளிகளில் அதற்கென்றே பயிற்சி பெற்ற, மருத்துவர் அல்லாத ஆலோசகர்களிடமும் ஒப்படைத்தார்கள். ஆலோசகர் இருந்த பள்ளிகளில் பள்ளிச் சூழல் தெளிவாக மேம்பட்டது, மனச்சோர்வும் குறைந்தது. ஆசிரியர்கள் நடத்திய பள்ளிகளில் குறிப்பிடும்படி மாற்றம் இல்லை. ஆசிரியர்களுக்கு அக்கறை இல்லை என்று இதற்கு யாரும் அர்த்தம் எடுக்க வேண்டாம். பாடமும் நடத்தி, திருத்தலும் செய்து, பதிவேடும் எழுதுகிற ஆளிடம் இன்னொரு முழு வேலையைக் கொடுத்தால் அது நடக்காது, அவ்வளவுதான். ஒவ்வொரு பள்ளிக்கும் இதற்கென்றே ஒரு ஆள் வேண்டும். அந்த ஆள் வரும்வரை, வந்த பிறகும், வகுப்பறைக்குள் பாக்கியைக் கையாள்வது மட்டும் எங்கள் வேலை. அதைக் கவுன்சலர் வந்து செய்ய முடியாது.

இப்போது என் வகுப்பில் ஒருவன் ஒன்பது வேலை நாளாக வரவில்லை. அவன் அம்மாவிடம் நேற்று பேசினேன். டாக்டரைப் பார்த்துவிட்டார்கள், திங்கட்கிழமை அனுப்பிப் பார்க்கிறேன் என்றார். முதல் மணிக்கு இருபது நிமிடம் முன்பு வரச் சொல்லியிருக்கிறேன். பக்கத்து இருக்கைப் பையனிடமும் சொல்லியாயிற்று, அவன் தானாகவே, "என் நோட்டைக் குடுக்கட்டுமா டீச்சர்?" என்று கேட்டான். தாளில் மூன்று கணக்கு எழுதி, முதல் கணக்கின் முதல் ஸ்டெப்பைப் போட்டு, மேஜை இழுப்பறையில் வைத்திருக்கிறேன். திங்கட்கிழமை அவனுக்கு முடியாமல் போனால், செவ்வாய்க்கிழமையும் அந்தத் தாள் அங்கேயே இருக்கும்.